குடும்பக் காலர்

மின்விசிறி சுவிட்சில் ஆரம்பித்த சண்டை, கடைசியில் மேசையை இரண்டாக அறுப்பதில் வந்து நிற்கும் என்று அந்தத் தையல் கடையில் யாரும் நினைக்கவில்லை. தெரிந்திருந்தால் இஸ்திரிக்காரர் முதல் நாளே சுவிட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கடை அக்கா, தங்கை இருவருக்கும் சொந்தம். பெரியவள் வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். பள்ளிச் சீருடை, நர்ஸ் அங்கி, ஓட்டல் சிப்பந்திகளின் கோட்டு என்று வேலைக்குக் குறைவில்லை. அறையின் நடுவில் ஒரு பெரிய வெட்டு மேசை. அதன் ஒரு பக்கம் பெரியவளின் கத்தரி, எதிர்ப் பக்கம் சின்னவளின் மிஷின், தலைமாட்டில் இஸ்திரிக்காரர். மூவருக்கும் பொதுவாக மேலே ஒரே ஒரு மின்விசிறி. அதுதான் வினை.

பெரியவளுக்கு இப்போதெல்லாம் எந்நேரமும் குளிர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்னவளுக்கோ எந்நேரமும் வேர்வை. குளித்துவிட்டு வந்தவள், கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி குளித்தவள் போல இருப்பாள். ஒருத்தி எழுந்து போய் விசிறியை நிறுத்துவாள். அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் மற்றவள் போட்டிருப்பாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. விசிறி வேணுமா, வேண்டாமா?" என்று இருவரும் இஸ்திரிக்காரரைத்தான் கேட்பார்கள்.

"நான் நெருப்போட குடும்பம் நடத்துறவன்மா. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்பார் அவர். அந்த இடத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான பதில் வேறு கிடையாது.

இந்தக் கடையை ஆரம்பித்து வைத்தது இவர்களுடைய அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. கை தளர்ந்ததும் சாவியை மருமகள்களிடம் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டவள். அத்தைக்கு இரண்டு கொள்கைகள். முதலாவது, நம் குடும்பத்தில் எவருக்கும் எந்த நோயும் கிடையாது, அப்படி ஏதாவது தலைவலி காய்ச்சல் வந்தால் அது இவர்களுடைய அம்மா பக்கத்திலிருந்து வந்தது. இரண்டாவது, காலர்.

அந்தக் காலர் கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டு காலர், முன்னால் ஒரு கொக்கி. அத்தை அதைத் தவிர வேறு எதையும் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை. "காலர் நிமிர்ந்து நின்னா தலை தானா நிமிரும்" என்று சொல்லிச் சொல்லியே குடும்பம் முழுவதற்கும் அதை மாட்டிவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள்கூட, "உங்க குடும்பக் காலர் மாதிரி எனக்கும் ஒண்ணு" என்று கேட்டு வாங்கினார்கள்.

கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன் முதுகைத் தானே அளக்க முடியாது என்பதால், தன் சட்டையைத் தானே தைக்கக் கூடாது. பெரியவளுக்குச் சின்னவள் வெட்டித் தைப்பாள், சின்னவளுக்குப் பெரியவள். அந்த வருடம் புதுச் சட்டை தைக்கிற நேரம் வந்தபோது சின்னவள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடி டேப்பு?" என்றாள் பெரியவள். "என் அளவு என்ன ஓடியா போச்சு? என் அளவுக்கு வெட்டி வச்ச பழைய பேப்பர் கட்டிங் இருக்குல்ல, அதுக்கே தை."

"இல்லக்கா, ஒரு தடவை பாத்துட்டா..."

"என்ன பாக்கப் போறே? நான் குண்டாயிட்டேன்னு சொல்லப் போறியா?"

சின்னவள் டேப்பைச் சுருட்டினாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பெரியவள் அவளை அளக்கப் போனபோது, "நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு கை தைச்சிடுவேன், போக்கா" என்று நிற்காமல் பறந்துவிட்டாள். ஆக, ஊருக்கெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிற இரண்டு பேரும் தங்கள் சட்டைகளை அரதப் பழசான காகிதத்தை நம்பித் தைத்தார்கள்.

விளைவு எப்படி இருக்கும்? பெரியவளுக்கு வயிற்றுப் பொத்தான்கள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. சின்னவளின் சட்டை ஹேங்கரில் மாட்டியது போலத் தொங்கியது. ஆனால் கழுத்துக் கொக்கி மட்டும் இருவருக்குமே பூட்டவில்லை.

"வேணும்னே சின்னதா தைச்சிருக்கே. நாலு பேர் சிரிக்கணும்னு" என்றாள் பெரியவள்.

"நீ சொன்ன அளவுதான்! உனக்குத்தான் வெட்டத் தெரியல. உடம்பு தொளதொளன்னு, கழுத்து மட்டும் தூக்குக் கயிறு மாதிரி! என்னைக் கொல்லப் பாக்கிறியா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"யாரு ஆடத் தெரியாதவ? நேத்து நீ வெட்டின சீருடைக்கு எல்லாமே இடது கை! அந்தப் பிள்ளைங்களுக்கு வலது கையே கிடையாதா?"

இது உண்மை. பெரியவள் முந்தைய நாள் துணியைத் திருப்பிப் போட மறந்து, ஒரு வகுப்புக்கே இடது கையாக வெட்டித் தள்ளியிருந்தாள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில்கூட அவள் செய்யாத தவறு. உண்மையைச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும், பெரியவளுக்கு இரண்டு மடங்கு வந்தது. அவள் ஏதோ சொல்ல, இவள் ஏதோ சொல்ல, கடைசியில் சின்னவள், "போதும். நடுவுல தடுப்புப் போட்டுப் பிரிச்சுக்கலாம். உன் பக்கம் விசிறி இல்லாம நீ இரு" என்று சொல்லி, அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டுவிட்டாள். தச்சர் வந்து பார்த்தார். தடுப்பு போட வேண்டுமானால் மேசை குறுக்கே நிற்கிறது, அதை நெடுக அறுக்க வேண்டும் என்றார். பென்சிலால் மேசையின் நடுவில் ஒரு கோடும் கிழித்தார். சனிக்கிழமை ரம்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் டிரையல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கடை போனால்கூடத் தாங்கிக்கொள்வாள். சின்னவளின் மிஷின் சத்தம் கேட்காத ஒரு அறையில் உட்கார்ந்து துணி வெட்டுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதைப் போய்ச் சொல்வதற்கு வாய் வரவேண்டுமே. அந்த வாயும் அத்தை வழியில் வந்த வாய், மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதற்குள் நுழையாது.

இடது கைகள் அவளைப் பயமுறுத்திவிட்டன. யாருக்கும் தெரியாமல் தெருமுனை டாக்டரிடம் போனாள். களைப்பு, குளிர், முடி கொட்டுவது, கணக்கு மறப்பது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இது தைராய்டு மாதிரி தெரிகிறது என்று அவர் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். பெரியவளுக்குப் பாதி நிம்மதி, பாதி சங்கடம். உடம்புதான் மாறிவிட்டது என்று ஒத்துக்கொண்டால் சின்னவள் தைத்த சட்டை சரி என்று ஆகிவிடுமே! எனவே வீட்டில்கூட மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை, ஊசி வாங்கப் போக வேண்டும் என்று சின்னவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "நூல் வாங்கப் போறேன்" என்று இஸ்திரிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெரிய டாக்டரின் காத்திருக்கும் அறையில் மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். தெரிந்தவர் யாராவது வந்தால் முகத்தை மறைக்க ஒரு பத்திரிகையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருத்தி உள்ளே வந்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன? குறுக்கே இருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு, குடை ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, நேரே போய்ச் சுவரில் இருந்த விசிறி சுவிட்சைப் போட்ட அந்த அவசரத்தை உலகத்தில் வேறு யாரிடமும் பார்க்க முடியாது.

"ஊசி வாங்கப் போறேன்னு சொன்னே?" என்றாள் பெரியவள், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

சின்னவள் துள்ளிவிட்டாள். "நூல் இங்கதான் விக்கிறாங்களா?"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சின்னவளின் கை நடுங்குவதைப் பெரியவள் அப்போதுதான் கவனித்தாள். ஊசியில் நூல் கோக்கச் சின்னவள் சில நாட்களாக இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டதும், அதை அவள் திமிர் என்று தான் நினைத்ததும் ஞாபகம் வந்தது. பத்திரிகையைக் கீழே வைத்தாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்து, காலரைச் சரிசெய்துகொண்டே அத்தை வெளியே வந்தாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சுதாரித்தது அத்தைதான்.

"பக்கத்து வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல. துணைக்கு வந்தேன்."

"அவங்க எங்க?"

"உள்ள... பாத்ரூம்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அத்தைக்குக் கைவந்த கலை. டாக்டர் அக்காவையும் தங்கையையும் ஒன்றாகவே கூப்பிட்டார்.

டாக்டர் சிடுசிடுக்காத, ஆனால் வளவளக்காத ஒரு பெண்மணி. இருவர் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பார்த்தார், இரண்டு ரத்தச் சோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் கழுத்துல இருக்கிற தைராய்டு வீங்கியிருக்கு. உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம அதையே போய்த் தாக்குது."

"வேலியே பயிரை மேயுது" என்றாள் பெரியவள்.

"அதேதான். உங்களுக்கு அது தைராய்டை அழிச்சுக்கிட்டே வருது, அதனால வேலை மந்தமாயிடுச்சு. குளிரும், எடை கூடும், மறதி வரும். உங்க தங்கச்சிக்கு அதே எதிர்ப்பு சக்தி தைராய்டைச் சாட்டை எடுத்து விரட்டுது. அதனால வேர்க்கும், இளைக்கும், படபடக்கும், கை நடுங்கும். ஒரே வீட்டுல ஒருத்தருக்கு இப்படியும் ஒருத்தருக்கு அப்படியும் வர்றது உண்டு. ரெண்டுக்கும் மருந்து இருக்கு, பயப்பட வேண்டாம். குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்கா?"

"கிடையவே கிடையாது" என்று பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவும் தங்கையும் பல நாளைக்குப் பிறகு ஒரே குரலில் பேசினார்கள். "எங்க குடும்பம் இரும்பு, டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது பரம்பரையா வரக்கூடிய விஷயம். பரம்பரையா வர்றது நோய் இல்ல, நோய் வர்றதுக்கான வாகுதான். அது பல மரபணுக்கள் சேர்ந்து வர்றது. வாகு இருக்கிற எல்லாருக்கும் நோய் வந்துடாது. ஆனா யாருக்காவது இருந்தா, உங்க பிள்ளைங்களையும் கவனிச்சுக்கலாம், ஆரம்பத்துலயே பிடிச்சுடலாம். மறைச்சா நஷ்டம் அவங்களுக்குத்தான்."

கதவு படாரென்று திறந்தது. ஒட்டுக் கேட்பதும் அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருவதுதான். அத்தை உள்ளே வந்தாள், முகம் சிவந்திருந்தது.

"இரும்புதான். துருப்பிடிச்ச இரும்பு" என்றாள். கொக்கியைக் கழற்றிக் காலரை மடித்துவிட்டாள். கழுத்தின் அடியில், குறுக்கே மெல்லிய கோடாக ஒரு பழைய தழும்பு. "எனக்குக் கழுத்து வீங்கி ஆபரேஷன் பண்ணினாங்க. அப்ப உங்களுக்கு விவரம் தெரியாத வயசு. வெளியூர்ல வேலைன்னு சொல்லிட்டுப் போனேன். தினம் காலையில சத்து மாத்திரைன்னு சொல்லிப் போடுறேனே, அது இதுக்குத்தான்."

பெரியவளின் கை தன் காலருக்குப் போனது. "அப்ப... காலர்?"

"தழும்பை மறைக்கத்தான்டி. நான் மட்டும் போட்டா ஏன்னு கேப்பாங்க. எல்லாரும் போட்டா குடும்ப வழக்கம்னு நினைச்சுப்பாங்க."

தலை நிமிர்வதற்காக என்று நம்பி இத்தனை வருடம் கழுத்தை நெரித்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள்தான் முதலில் எழுந்து போய்த் தழும்பை உற்றுப் பார்த்தாள்.

"நல்ல தையல் அத்தை. சுருக்கமே இல்ல. யார் கை?"

"அப்ப இது அப்பா பக்கம்தானே வந்திருக்கு?" என்று பெரியவள் விடாமல் கேட்டாள். "எங்க அம்மாவை எவ்வளவு பேசியிருப்பீங்க!"

"இப்படி ஒரு பக்கத்து மேல பழி போட முடியாது. அம்மா பக்கத்துலயும் கொஞ்சம் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"பாத்தியா!" என்றாள் அத்தை உடனே. அழுதுகொண்டேதான் சொன்னாள். "சொன்னா உங்களுக்கு நல்ல இடம் அமையாதுன்னு பயந்தேன். அப்புறம் சொல்லவே வாய் வரல. சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு அவஸ்தைப்பட்டிருக்க மாட்டீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை வழியிலேயே இறங்கிக்கொண்டாள். பெரியவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. "சரி, தச்சர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றாள் மெதுவாக.

சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நோய் நோயா இருக்கட்டும்க்கா. நான் வேணும்னே சின்னதா தைச்சேன்னு சொன்னியே. நாலு பேர் சிரிக்கணும்னு தைச்சேன்னு சொன்னே. அது தைராய்டு சொன்னது இல்ல, நீ சொன்னது."

"நீயும்தான் நான் கொல்லப் பாக்கிறேன்னு சொன்னே."

"ஆமா. அதனாலதான் பிரிச்சுக்கலாம்னு சொல்றேன்."

அன்று ராத்திரி பெரியவள் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு படுத்தாள். குளிர் அதற்கும் அடங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் தச்சர் வந்துவிட்டார். கூடவே அத்தையும். குடும்பம் பார்த்தறியாத அதிசயமாக, அத்தை காலர் இல்லாத வட்டக் கழுத்துச் சட்டை போட்டிருந்தாள். இத்தனை வருடம் மறைத்ததற்கு வட்டியும் முதலுமாக, விடிந்ததிலிருந்து சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடித்துக் கழுத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். சொந்தம் தீர்ந்துபோய் இப்போது தச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை நிமித்திக் குடிங்க. வீக்கம் இருக்கான்னு பாப்போம்."

"நான் மேசை அறுக்க வந்தவன்மா" என்றார் தச்சர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

பெரியவள் எதையும் பார்க்க விரும்பவில்லை. பூட்டாத தன் புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனாள். எப்படியும் உடம்பு இதுதான் என்று ஆகிவிட்டது. பக்கத்துத் தையலைப் பிரித்து, உள்ளே அரை விரல் துணியாவது இருந்தால் அதை வெளியே விட்டுக்கொள்ளலாம். கத்தரி நுனியால் நூலை வெட்டினாள். ஒரு வரிசை போனது. அதற்குள் இன்னொரு வரிசை இருந்தது. அதையும் பிரித்தாள். மடித்து மடித்து, வெளியே தடிப்புத் தெரியாதபடி கையால் பிடித்துத் தைத்த துணி, விரிக்க விரிக்க வந்துகொண்டே இருந்தது.

நாலு விரல் அகலம். இரண்டு பக்கமும். காலரைத் திருப்பிப் பார்த்தாள், அதற்குள்ளும் மடிப்பு. எந்த வாடிக்கையாளருக்கும் எந்தத் தையல்காரியும் இவ்வளவு துணி உள்ளே விடமாட்டாள். அதுவும் நடுங்குகிற கையால் போட்ட கைத் தையல். ஒவ்வொரு தையலும் கோணிக்கொண்டு போய், மறுபடி நேராகி, மறுபடி கோணியிருந்தது.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பெரியவளின் சதை முழுவதும் ஆடியது. வெளியே ஓடி வந்தாள். தச்சர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுப் பென்சில் கோட்டில் ரம்பத்தை வைத்திருந்தார். பெரியவள் சட்டையைக் கொண்டுபோய் அந்தக் கோட்டின் மேல் விரித்துப் போட்டாள்.

"இது எப்ப விட்டே?"

சின்னவள் பிரித்துக் கிடந்த தையலைப் பார்த்தாள். "நீ அளக்க விடமாட்டேன்னு சொன்ன அன்னிக்கு. வெளியில நீ சொன்ன அளவு. உள்ள எனக்குத் தெரிஞ்ச அளவு."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன்கிட்ட குண்டாயிட்டேன்னு சொல்லிட்டு நான் உயிரோட இருக்க முடியுமா?" என்றாள் சின்னவள். "ஒரு தையல்காரி, சட்டை பத்தலைன்னா முதல்ல உள்பக்கத்தைத்தானேக்கா பாப்பா? நீ பாப்பேன்னு நினைச்சேன். நீ என் மூஞ்சியை மட்டும்தான் பாத்தே."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணி மேலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தார். அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு சரித்திரத்தில் முதல் தடவையாகச் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுடி. மன்னிச்சுக்கோ" என்றாள் பெரியவள். சொன்ன பிறகு தானே ஆச்சரியப்பட்டாள். அந்தச் சொல் வாயில் வந்ததற்காகத் தொண்டை ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லை.

அவள் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "வா, அளவெடுக்கணும்."

"இப்பவா?"

"இப்பதான். ஒரு இடத்துல நில்லு."

சின்னவள் நின்றாள். கால் ஆடியது, கை ஆடியது, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து இமையில் தங்கியது. பெரியவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, நேரே சுவரண்டை போனாள். போகிற போக்கில் ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். விசிறியைப் போட்டாள். போட்டு, முழு வேகத்தில் திருப்பினாள்.

மேசை மேல் கிடந்த பழைய பேப்பர் கட்டிங்குகள் எழுந்து பறந்தன. ஒன்று தச்சரின் முகத்தில் ஒட்டியது. ஒன்று வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. இஸ்திரிக்காரர் பிடிக்க எழுந்தார்.

"விடுங்கண்ணே. அது எதுவும் இனிமே யாருக்கும் ஆகாது" என்றாள் பெரியவள், பற்கள் கிடுகிடுக்க.

"அப்ப நான் எதை அறுக்கிறது?" என்றார் தச்சர்.

"எங்கக்கா மேல காத்து படாத மாதிரி, அவ நாற்காலிக்கு மேல ஒரு பலகை அடிங்க" என்றாள் சின்னவள்.

பெரியவள் டேப்பைத் தங்கையின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். விரலுக்கடியில் நாடி குதித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இது இப்படி ஓடிக்கொண்டிருந்ததோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. டேப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் விட்டு, இன்னும் ஒரு விரல் சேர்த்து விட்டாள்.

"எழுதிக்கோங்க அண்ணே" என்றாள். "கழுத்து, தாராளமா."